பொன்டா டெல்காடா: ஒரு நாட்டின் அணியாகவே களமிறங்கிய அசோரியர் கால்பந்துக் கழகம்

1947-ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் தேசிய அணிக்குப் பதிலாக, போர்த்துக்கீசியக் குடியேறிகள் தொடங்கிய ஓர் அமெச்சூர் (சம்பளத்துக்கு ஆடாத) கால்பந்துக் கழகத்தையே பன்னாட்டுப் போட்டிக்கு அனுப்பியது என்று சொல்கிறார்களே, அது உண்மையா, உண்மையென்றால் அந்தக் கழகம் ஏன் இன்று இல்லை, இப்போதுள்ள கழகங்களில் ஏதாவது அதன் தொடர்ச்சியா என்பது கேள்வி. அது உண்மைதான். அந்தக் கழகத்தின் பெயர் பொன்டா டெல்காடா. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர் நகரத்தையும் அதை ஒட்டி ரோட் ஐலண்ட் மாநிலத்துக்குள் இருக்கும் டிவர்ட்டன் என்ற சிற்றூரையும் சேர்ந்த ஆட்டக்காரர்கள் அதில் ஆடினார்கள். ஆறு முறை தேசிய அமெச்சூர் கோப்பையையும் ஒரு முறை நாட்டின் மிகப் பெரிய திறந்த கோப்பையையும் வென்ற அந்தக் கழகம் 1950-களின் நடுப்பகுதிக்குப் பின் பெரிய போட்டிகளின் பட்டியல்களில் காணப்படவில்லை. ஏன் காணாமல் போனது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் அது எங்கே, யாரால் உருவானது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஃபால் ரிவர் ஒரு பஞ்சாலை நகரம். கருங்கல்லால் கட்டிய பல மாடி ஆலைகள் ஆற்றோரத்திலும் குன்றின் சரிவிலும் வரிசையாக நிற்க, அவற்றைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இங்கே நூற்கவும் நெய்யவும் வந்தவர்களில் பெரும்பகுதியினர் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியைச் சேர்ந்தவர்கள். தறியையும் கதிரையும் இயக்கும் திறமையோடு கால்பந்தையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். அன்றைய அமெரிக்கக் கோப்பையை 1888 முதல் 1892 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஃபால் ரிவர் அணிகளே வென்றன என்பது, பேஸ்பாலைத் தவிர வேறு ஆட்டம் தெரியாத நாடு என்று அமெரிக்காவை நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஃபால் ரிவர் ரோவர்ஸ் என்ற அணி 1917-இல் தேசிய சேலஞ்ச் கோப்பையையும் வென்றது. இன்று யு.எஸ். ஓப்பன் கோப்பை என்று அழைக்கப்படும் போட்டி அதுவே.

லங்காஷயர்காரர்களுக்குப் பின்னால் அயர்லாந்துக்காரர்களும், கனடாவின் பிரெஞ்சு மொழி பேசுவோரும், அவர்களுக்கும் பின்னால் போர்த்துக்கீசியர்களும் வந்தார்கள். போர்த்துக்கீசியர் என்று பொதுவாகச் சொன்னாலும் இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் லிஸ்பனையோ போர்ட்டோவையோ கண்ணால் கூடப் பார்த்திராதவர்கள். அட்லாண்டிக் கடலின் நடுவே, போர்த்துக்கல் கரையிலிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அசோர்ஸ் தீவுகளே அவர்களின் ஊர். அந்தத் தீவுகளுக்கும், மாசசூசெட்ஸும் ரோட் ஐலண்டும் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதிக்கும் தொடர்பு ஏற்படுத்தியது திமிங்கில வேட்டை. அருகிலுள்ள நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்திலிருந்து புறப்பட்ட வேட்டைக் கப்பல்கள் அசோர்ஸில் நின்று தண்ணீரும் உணவும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். திமிங்கில எண்ணெய்க்கு மதிப்புக் குறைந்து, பஞ்சாலைகளுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்ட காலத்தில் அதே வழியில் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து இறங்கினார்கள். ஃபால் ரிவருக்கு வந்தவர்களில் மிகப் பலர் சாவ் மிகெல் தீவினர். அந்தத் தீவின் தலைநகர்தான் பொன்டா டெல்காடா. ஊரை விட்டு வந்தவர்கள் தங்கள் சங்கத்துக்கும் அணிக்கும் ஊர்ப்பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

குடியேறிகளின் வாழ்க்கை மூன்று இடங்களைச் சுற்றி நடந்தது: ஆலை, கோவில், சங்கம். கொலம்பியா தெருவில் உள்ள சாந்தோ கிறிஸ்தோ ஆலயம், பொன்டா டெல்காடாவில் பெரிய திருவிழாவாகக் கொண்டாடப்படும் அதே 'அற்புதங்களின் ஆண்டவர்' பக்தியைக் கடல் தாண்டிக் கொண்டுவந்த ஆலயம். நகரத்தின் வடபுறத்தில் இருந்த புனித மிக்கேல் பங்குக் கோவில், தீவின் பெயரையே தாங்கியிருந்தது; சாவ் மிகெல் என்றால் புனித மிக்கேல். கால்பந்து அணிகளும் இதே அச்சில் வார்க்கப்பட்டவைதான். புனித மிக்கேல் தடகளக் கழகம் என்ற அணி 1939-இல் தேசிய அமெச்சூர் கோப்பையை வென்றது. அதற்கு முந்தைய ஆண்டு, 1938-இல், அதே கோப்பையை முதன்முறையாக வென்றது பொன்டா டெல்காடா. ஒரே நகரத்தின் இரண்டு போர்த்துக்கீசியச் சமூக அணிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் நாட்டின் அமெச்சூர் சாம்பியன்கள் ஆகின்றன என்றால், அந்தத் தெருக்களில் ஆட்டம் எந்த அளவுக்கு ஊறிப்போயிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் ஃபால் ரிவர் மார்க்ஸ்மென் என்ற இன்னோர் அணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் பொன்டா டெல்காடாவின் தனித்தன்மை புலப்படாது. 1920-களில் சாம் மார்க் என்ற தொழில்முனைவர் நடத்திய தொழில்முறை அணி அது. அன்றைய மாசசூசெட்ஸ் சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் காசு வாங்கி விளையாட்டு நடத்துவதைத் தடுத்தது. ஆலைத் தொழிலாளிக்கோ ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு நாள். எனவே மார்க் தன் மைதானத்தை மாநில எல்லைக்கு அப்பால், வடக்கு டிவர்ட்டனில் கட்டிக்கொண்டார். ஃபால் ரிவர்காரர்கள் சிறிது தூரம் சென்று எல்லையைக் கடந்தால் போதும், வேறு மாநிலம், வேறு சட்டம். பொன்டா டெல்காடாவின் பெயருக்குப் பக்கத்தில் சில பதிவுகளில் ஃபால் ரிவர் என்றும் சிலவற்றில் டிவர்ட்டன் என்றும் இருப்பதைப் பார்த்து அவை இரண்டு வெவ்வேறு கழகங்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஆட்டக்காரர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் இரண்டும் ஒரே ஊர் மாதிரிதான்.

மார்க்ஸ்மென் அணி 1924, 1927, 1930, 1931 ஆகிய ஆண்டுகளில் சேலஞ்ச் கோப்பையை வென்றது. மதீராத் தீவிலிருந்து வந்த பெற்றோருக்கு ரோட் ஐலண்டில் பிறந்து ஃபால் ரிவரில் வளர்ந்த பில்லி கொன்சால்வெஸ் அந்த அணியில் ஆடியவர். 1930-இல் உருகுவேயில் நடந்த முதல் உலகக் கோப்பையிலும் அமெரிக்காவுக்காக அவர் ஆடினார். அதே உலகக் கோப்பையில் பராகுவேக்கு எதிராக மூன்று கோல் அடித்து, உலகக் கோப்பை வரலாற்றின் முதல் ஹாட்ரிக்குக்கு உரியவராக இன்று ஃபிஃபாவால் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கும் பெர்ட் பாட்டனோடும் ஃபால் ரிவரில் பிறந்த மார்க்ஸ்மென் ஆட்டக்காரர்தான். ஆனால் பணம் போட்டவரின் அணி பணம் இருக்கும் வரைதான். பஞ்சாலைகள் தென் மாநிலங்களின் மலிவுக் கூலிக்கு முன் நிற்க முடியாமல் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1928-இல் ஒரு பெருந்தீ நகரின் நடுப்பகுதியைச் சாம்பலாக்கியது. 1931-இல் நகராட்சியே நொடித்துப்போய், அதன் நிதி நிர்வாகத்தை மாநில அரசு கையில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் சாம் மார்க் தன் அணியை நியூயார்க்குக்குக் கொண்டுபோய்விட்டார்.

தொழில்முறைக் கால்பந்து வெளியேறியபின் ஃபால் ரிவரில் எஞ்சியது அமெச்சூர் கால்பந்து. பங்குக் கோவில்களும் சங்கங்களும் சம்பளப் பட்டியலை நம்பி அணி நடத்தவில்லை என்பதால், 1930-களின் பொருளாதார மந்தநிலை அவற்றை வாட்டினாலும் ஒழித்துவிடவில்லை. ஆட்டக்காரர் பகலில் ஆலையிலோ வேறு வேலையிலோ இருப்பார், மாலையிலும் வார இறுதியிலும் ஆடுவார். பொன்டா டெல்காடா தலையெடுத்தது இந்தச் சூழலில்தான். 1938-இன் வெற்றியை அதன் முன்னுரை என்று கொள்ளலாம். 1941-இலும் 1942-இலும் அமெச்சூர் கோப்பை ஃபால் ரிவர் எஸ்.சி. என்ற வேறோர் அணிக்குப் போனது. பிறகு இரண்டாம் உலகப் போர். ஆட வேண்டிய வயதில் இருந்தவர்கள் படைக்குப் போனார்கள். பிற்காலத்தில் இந்தக் கழகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் பெற்ற ஜான் சோசா கடற்படையில் பசிபிக் பகுதியில் பணியாற்றினார்.

கழகத்தைத் தொடங்கியவர்கள் குடியேறிகள் என்றாலும் அதன் பொற்காலத்தை உருவாக்கியவர்கள் குடியேறிகள் அல்லர், அவர்களுடைய பிள்ளைகள். ஜான் சோசா 1920-இலும் எட் சோசா 1921-இலும் ஃபால் ரிவரிலேயே பிறந்தவர்கள். இது தற்செயல் அன்று. 1917-இல் எழுத்தறிவுத் தேர்வையும், 1921-இலும் 1924-இலும் நாடுவாரியான ஒதுக்கீட்டையும் அமெரிக்கா சட்டமாக்கியபோது அசோரியர்களின் வருகை கிட்டத்தட்ட நின்றுபோனது. 1924-இன் சட்டப்படி போர்த்துக்கல் முழுவதற்கும் ஓர் ஆண்டுக்குக் கிடைத்த இடங்கள் 503. தீவுகளில் வளர்ந்த இளைஞன் ஒருவன் கப்பலேறி வந்து நேரே அணியில் சேரும் வழி அதோடு அடைபட்டது. அணிக்கு ஆள் வேண்டுமானால் ஃபால் ரிவரின் தெருக்களில்தான் வளர வேண்டும். 1920-ஐ ஒட்டிப் பிறந்த அந்தத் தலைமுறை, பெற்றோரின் மொழியையும் நகரத்தின் பழைய லங்காஷயர் கால்பந்துப் பழக்கத்தையும் ஒருங்கே உள்வாங்கி வளர்ந்தது. போர் முடிந்து அவர்கள் திரும்பிய 1946-இல் அவர்களுக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறு. கால்பந்து ஆட்டக்காரருக்கு அதைவிட நல்ல வயது கிடையாது.

அந்த ஆண்டிலிருந்து நடந்தவற்றைப் பார்த்தால் அது விளங்கும். 1946-இல் பொன்டா டெல்காடா அமெச்சூர் கோப்பையை வென்றதோடு சேலஞ்ச் கோப்பையின் இறுதிச் சுற்றுக்கும் போனது. அங்கே சிகாகோ வைக்கிங்ஸிடம் முதல் ஆட்டத்தில் 1–1 எனச் சமநிலை கண்டு, இரண்டாவதில் 1–2 என்று தோற்றது. இந்த இரண்டு கோப்பைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அமெச்சூர் கோப்பை பெயருக்கேற்ப அமெச்சூர் அணிகளுக்கு மட்டும் உரியது. சேலஞ்ச் கோப்பையோ எல்லாருக்கும் திறந்தது. கிழக்குப் பகுதியின் வெற்றியாளரும் மேற்குப் பகுதியின் வெற்றியாளரும் இறுதியில் இரண்டு ஆட்டங்கள் மோதுவார்கள். கிழக்கிலோ அமெரிக்கன் சாக்கர் லீகில் ஆடிய தொழில்முறை அணிகள் இருந்தன. 1943 முதல் 1945 வரையிலான மூன்று கோப்பைகளையும் புரூக்ளின் ஹிஸ்பானோ, புரூக்ஹாட்டன் ஆகிய அத்தகைய நியூயார்க் அணிகளே கொண்டுபோயிருந்தன. அந்த வரிசையை உடைத்துக்கொண்டு ஓர் அமெச்சூர் அணி இறுதிக்கு வந்ததே பெரிய செய்தி.

அடுத்த ஆண்டு அதைவிடப் பெரிய செய்தியைக் கொண்டுவந்தது. 1947-இன் சேலஞ்ச் கோப்பை இறுதியில் சிகாகோவின் ஸ்பார்டா அணியை முதல் ஆட்டத்தில் 6–1 என்றும் இரண்டாம் ஆட்டத்தில் 3–2 என்றும் பொன்டா டெல்காடா தோற்கடித்தது. ஸ்பார்டா செக் குடியேறிகளின் சமூகத்திலிருந்து வந்த அணி. ஆகவே நாட்டின் தலையாய கோப்பைக்காக மோதிய இருவருமே குடியேறிகளின் கழகங்கள் என்பது அன்றைய அமெரிக்கக் கால்பந்து யாருடைய கையில் இருந்தது என்பதையும் காட்டிவிடுகிறது. அதே ஆண்டில் அமெச்சூர் கோப்பையும் பொன்டா டெல்காடாவுக்கே கிடைத்தது. இரண்டையும் ஒரே ஆண்டில் ஒரே அணி வெல்வது எவ்வளவு அரிது என்றால், அதன்பின் 1951-இல் நியூயார்க்கின் ஜெர்மன்-ஹங்கேரியன் அணியும், 1957-இல் செயின்ட் லூயிஸ் நகரின் கூட்டிஸ் அணியும்தான் அந்தக் காலகட்டத்தில் அதைச் செய்தன.

இப்போது கேள்வியின் முதல் பகுதிக்கு வருகிறேன். 1947-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கியூபாவின் ஹவானாவில் வட அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் முதல் சாம்பியன்ஷிப் நடந்தது. மெக்சிகோ, கியூபா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளே கலந்துகொண்டன. அமெரிக்க தேசிய அணி அதற்குமுன் கடைசியாக ஆடியது 1937-இல், மெக்சிகோ நகரில். மூன்று ஆட்டங்களிலும் மோசமாகத் தோற்றுத் திரும்பிய அந்தப் பயணத்துக்குப் பின், பத்து ஆண்டுகளாக அப்படியோர் அணியே களம் காணவில்லை. பல நகரங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்து அனுப்புவதைவிட, ஏற்கெனவே ஒன்றாக ஆடிப் பழகிய ஒரு கழகத்தை ஏறத்தாழ அப்படியே தேசிய அணியாக அனுப்புவது என்று அமெரிக்கக் கால்பந்து அமைப்பு முடிவெடுத்தது. அன்றைய நிலையில் அது அறிவுக்குப் பொருந்தாத முடிவு என்று சொல்ல முடியாது.

முடிவு என்னவோ கசப்பாகத்தான் இருந்தது. ஜூலை 13 அன்று மெக்சிகோவிடம் 0–5 என்றும், ஜூலை 20 அன்று கியூபாவிடம் 2–5 என்றும் தோல்வி. கோப்பை மெக்சிகோவுக்குப் போனது. நியூ இங்கிலாந்தில் ஆடிப் பழகிய ஆலைநகரத்து அமெச்சூர்கள், ஜூலை மாத ஹவானாவின் வெயிலில், தேசிய அணிகளோடு மோதினார்கள் என்பதை மறந்துவிட்டு இந்தக் கணக்கைப் பார்க்கக் கூடாது. இந்த இரண்டு ஆட்டங்களும் இன்றும் அமெரிக்க தேசிய அணியின் அதிகாரபூர்வ ஆட்டங்களாகவே கணக்கில் உள்ளன. ஆகவே அவற்றில் ஆடிய கழக ஆட்டக்காரர்கள் எல்லாரும் முழு உரிமையோடு நாட்டின் பன்னாட்டு ஆட்டக்காரர்கள். அவர்களில் கோல்கீப்பர் வால்டர் ரோமனோவிச்சின் பெயர் போர்த்துக்கீசியப் பெயர் அன்று. அது கிழக்கு ஐரோப்பியப் பெயர். ஒரு தீவின் தலைநகர் பெயரைச் சூடியிருந்தாலும், நன்றாக ஆடும் பக்கத்துத் தெருக்காரனை அந்தக் கழகம் ஒதுக்கவில்லை.

1948-இல் மூன்றாவது முறையாகத் தொடர்ந்து அமெச்சூர் கோப்பை. அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்குக்குப் போன அமெரிக்க அணியில் ஜோ ரெகோ-கோஸ்டா, மானுவெல் மார்ட்டின், இரண்டு சோசாக்கள் ஆகிய பொன்டா டெல்காடாக்காரர்கள் இருந்தார்கள். இத்தாலியிடம் 0–9 என்ற கணக்கில் தோற்று அந்த அணி முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

1950-ஐப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அந்த ஆண்டு பொன்டா டெல்காடா ஐந்தாவது அமெச்சூர் கோப்பையை வென்றது. மூன்றாவது முறையாகச் சேலஞ்ச் கோப்பையின் இறுதிக்கும் போனது. எதிரே செயின்ட் லூயிஸின் சிம்ப்கின்ஸ்-ஃபோர்டு. ஓர் ஆட்டம் 0–2, மற்றொன்று 1–1. கோப்பை கைநழுவியது. அந்த சிம்ப்கின்ஸ் அணியில் ஆடிய கோல்கீப்பர் ஃபிராங்க் போர்கி, தடுப்பாட்டக்காரர் சார்லி கொலம்போ, முன்வரிசையின் ஜினோ பாரியானி, ஃபிராங்க் வாலஸ் ஆகிய நால்வரும், அவர்களிடம் தோற்ற ஜான் சோசாவும் எட் சோசாவும் அதே கோடையில் ஒரே சட்டை அணிந்து பிரேசிலில் உலகக் கோப்பை ஆடினார்கள். ஜூன் 29 அன்று பெலோ ஓரிசோன்ட்சியின் இன்டிபென்டென்சியா மைதானத்தில் இங்கிலாந்தை 1–0 என்று வென்ற பதினொருவரில் இந்த ஆறு பேரும் இருந்தார்கள்.

அந்த ஆட்டத்தின் ஒரே கோல் எல்லாருக்கும் தெரிந்தது. முதல் பாதியின் 38-ஆவது நிமிடத்தில் வால்டர் பார் தொலைவிலிருந்து அடித்த பந்தை நோக்கி இங்கிலாந்தின் கோல்கீப்பர் பெர்ட் வில்லியம்ஸ் நகர, இடையே பாய்ந்து தலையால் திருப்பி வலைக்குள் செலுத்தினார் ஹெய்ட்டியில் பிறந்த ஜோ கேட்யென்ஸ். சோசாக்களின் பங்கு கோல் கணக்கில் வராது என்பதால் பெரும்பாலான கட்டுரைகள் அதைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஜான் உள் இடது முன்கள ஆட்டக்காரர், எட் இடது ஓர ஆட்டக்காரர், அதாவது களத்தில் அடுத்தடுத்து நிற்பவர்கள். கழகத்தில் பல ஆண்டுகள் சேர்ந்து ஆடிய இருவர். அவர்களுக்கு எதிரே இங்கிலாந்தின் வலது தடுப்பில் நின்றவர், 1966-இல் மேலாளராக அந்நாட்டுக்கு உலகக் கோப்பையை வாங்கித்தரப்போகும் ஆல்ஃப் ராம்சி. ஒரு கோல் முன்னிலையைக் காக்க வேண்டிய அணிக்குப் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தத் தெரிந்தவர்கள் தேவை. இரண்டாம் பாதியில் அந்த வேலையை முன்களத்தில் செய்யத் தகுந்த கால்கள் ஜானுடையவை. போட்டி முடிந்தபின் பிரேசிலின் 'முண்டோ எஸ்போர்ட்டிவோ' இதழ் தேர்ந்தெடுத்த உலகக் கோப்பை நட்சத்திர அணியில் ஜான் சோசாவின் பெயர் இருந்தது. அத்தகைய பட்டியலில் இன்னோர் அமெரிக்கர் இடம்பெற 2002-இல் கிளாடியோ ரெய்னா வர வேண்டியிருந்தது.

எட், ஜான் இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அது தவறு. சோசா அசோரியர்களிடையே மிகப் பரவலான குடும்பப்பெயர். இருவருக்கும் இரத்த உறவு கிடையாது. ஒரே நகரம், ஒரே கழகம், அவ்வளவே.

1950-க்குப் பின் இறக்கம் தொடங்கிவிட்டது. ஜான் சோசா நியூயார்க்கின் ஜெர்மன்-ஹங்கேரியன் அணிக்குப் போனார். 1951-இல் இரண்டு கோப்பைகளையும் வென்றதாக மேலே சொன்ன அணி அதுதான். பொன்டா டெல்காடா 1953-இல் ஆறாவது முறையாக அமெச்சூர் கோப்பையை வென்றது. அதுவே கடைசி. சில ஆண்டுகளில் தேசிய அளவில் அதன் பெயரே கேட்கவில்லை.

இதற்குக் காரணமாக ஒரு பெரிய கடனையோ ஊழலையோ சண்டையையோ தேடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். என் கருத்தில் அந்தக் கழகத்தின் ஆயுளை எழுதியது 1924-இன் குடியேற்றச் சட்டம்தான். புதிய இளைஞர்கள் தீவுகளிலிருந்து வராததால், 1920-ஐ ஒட்டிப் பிறந்த ஒரே ஒரு தலைமுறையின் தோளில் அணி நின்றது. அந்தத் தலைமுறை 1946-இல் உச்சத்தில் இருந்தது என்றால், 1953-இல் முப்பத்து மூன்று வயதைத் தொட்டுவிட்டது. அவர்களுக்குப் பின்னால் வந்த தம்பிகளும் பிள்ளைகளும் பள்ளியில் பேஸ்பாலும் அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆடி வளர்ந்தவர்கள். கால்பந்து தாத்தாவின் ஆட்டம் ஆகிவிட்டது. நகரமும் சுருங்கியது. 1920-இல் 1,20,485-ஆக இருந்த ஃபால் ரிவரின் மக்கள்தொகை 1950-இல் 1,11,963-ஆகவும் 1960-இல் ஒரு லட்சத்துக்குக் கீழாகவும் குறைந்தது. பஞ்சாலைக் கட்டடங்களில் தையல் தொழிற்சாலைகள் வந்தன என்றாலும், ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோரை ஞாயிறு மதியம் மைதானத்துக்கு இழுத்துவந்த அந்தப் பழைய ஆலை வாழ்க்கை திரும்பவில்லை. சங்கத்தின் சந்தாவும் நுழைவுச்சீட்டுக் காசும் நம்பி நாடு முழுவதும் பயணம் செய்து கோப்பை ஆடுவது அமெச்சூர் கழகத்துக்கு எந்தக் காலத்திலும் எளிதல்ல, சுருங்கும் நகரத்தில் அது இன்னும் கடினம்.

காலம் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது. 1957-இல் அசோர்ஸின் ஃபயால் தீவை ஒட்டிய கடலில் கப்பெலினியோஸ் எரிமலை வெடித்து, பதின்மூன்று மாதங்கள் சாம்பலைக் கொட்டி வீடுகளையும் வயல்களையும் மூடியது. பாதிக்கப்பட்டவர்களுக்காக ரோட் ஐலண்டின் செனட்டர் ஜான் பாஸ்டோரும் மாசசூசெட்ஸின் செனட்டர் ஜான் கென்னடியும் முன்னின்று கொண்டுவந்த அசோரிய அகதிகள் சட்டம் 1958-இல் நிறைவேறியது. 1965-இல் நாடுவாரி ஒதுக்கீட்டு முறையையே அமெரிக்கா கைவிட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஃபால் ரிவருக்கும் நியூ பெட்ஃபோர்டுக்கும் மீண்டும் அசோரியர்கள் பெருந்திரளாக வந்தார்கள், கால்பந்தை இரத்தத்தில் கொண்ட இளைஞர்களும் அவர்களோடு வந்தார்கள். ஆனால் அவர்கள் வந்து இறங்கியபோது, அவர்களைச் சேர்த்துக்கொண்டு தேசியக் கோப்பை ஆடும் நிலையில் பொன்டா டெல்காடா இல்லை. வந்தவர்கள் தங்களுக்கென்று புதிய கழகங்களையும் லீகுகளையும் தொடங்கிக்கொண்டார்கள்.

இதற்கு ஒப்பாக, அதே மாநிலத்தின் மேற்குப் பகுதியில் லட்லோ என்ற ஆலை ஊரில் போர்த்துக்கீசியர்கள் 1922-இல் தொடங்கிய கிரேமியோ லூசிட்டானோ என்ற சங்கத்தைச் சொல்லலாம். பொன்டா டெல்காடா அடைந்த உச்சத்தை அது அடையவில்லை. ஆனால் லூசிட்டானோ மைதானம் இன்றும் இருக்கிறது, அங்கே 1998 முதல் வெஸ்டர்ன் மாஸ் பயனியர்ஸ் என்ற அணி ஆடிவருகிறது. கோப்பைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு கழகம் நிலைத்து நிற்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று அந்தப் பகுதியில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கடைசிக் கேள்வி: இன்றுள்ள ஏதேனும் கழகம் பொன்டா டெல்காடாவின் தொடர்ச்சியா? அப்படிக் கொள்ள முடியாது. 1970-களுக்குப் பின் அப்பகுதியில் எழுந்த போர்த்துக்கீசிய அணிகள் வேறொரு குடியேற்ற அலையின் படைப்புகள். அவற்றை 1947-இன் அணியோடு நேரே இணைத்து எழுதுவது வரலாறு ஆகாது. பெயரைத் தேடுபவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும்: அசோர்ஸில் உள்ள பொன்டா டெல்காடா நகரத்தின் அணிகளுக்கும் இந்த அமெரிக்கக் கழகத்துக்கும் ஊர்ப்பெயரைத் தவிர வேறு தொடர்பு இல்லை. எட் சோசா 1979-இல் காலமானார். ஜான் சோசா 2012 மார்ச் மாதம், தொண்ணூற்றொரு வயதில், பென்சில்வேனியாவில் காலமானார். 1976-இல் அமெரிக்காவின் தேசியக் கால்பந்துப் புகழ்மன்றம் அவர்களைச் சேர்த்துக்கொண்டபோது அவர்கள் ஆடிய கழகம் களத்திலிருந்து மறைந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.